பழைய பெக்கோவில் கொன்ட்ரோலர்களின் தொடர்பு அறும்போது: புதியவர்களுக்கான பரிசோதனை வழிகாட்டி

பெக்கோ (எக்ஸ்கவேற்றர்) இயந்திரத்தின் ஹைட்ரோலிக் பகுதியில் பழுது ஏற்பட்டால் எண்ணெய் கசியும், சத்தம் மாறும், பூம் எழும்பத் தாமதமாகும். கண்ணுக்கோ காதுக்கோ ஏதேனும் ஓர் அறிகுறி எட்டும். அதை ஆளும் இலத்திரனியல் பெட்டிகளான கொன்ட்ரோலர்களுக்கிடையே ஏற்படும் தொடர்புக் கோளாறு அப்படி இருப்பதில்லை. காலையில் ஒழுங்காக மண் வெட்டிய இயந்திரம் மதிய வெயிலில் திடீரென வேகம் குறைந்து நிற்கும், மொனிட்டரில் எல்லா அளவீடுகளும் ஒரே நேரத்தில் மறையும், சாவியை அணைத்து மீண்டும் போட்டதும் எதுவுமே நடவாதது போல ஓடத் தொடங்கும். இத்தகைய இயந்திரம் கராஜுக்கு வந்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குச் சென்று பழைய கொன்ட்ரோலர் ஒன்றைத் தேடுவதுதான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மொனிட்டரில் தோன்றும் தொடர்புப் பழுதுக் குறியீடு, யார் முறைப்பாடு செய்கிறார் என்பதைத்தான் நமக்குச் சொல்கிறது. பழுது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்தப் பழுது பெரும்பாலும் ஒரு வயரிலோ, கொனெக்டரிலோ, ஏர்த்திலோ, பற்றரியிலோ இருக்கும். அவை நான்கையும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றைக் கொண்டே பரிசோதித்துவிடலாம்.

இணைப்பு எவ்வாறு இயங்குகிறது

கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த பெரும்பாலான 20 தொன் வகுப்பு எக்ஸ்கவேற்றர்களில் குறைந்தது மூன்று கொன்ட்ரோலர்கள் இருக்கும்: எஞ்சின் கொன்ட்ரோலர், பம்புகளையும் வால்வுகளையும் ஆளும் பம்ப் கொன்ட்ரோலர், கபினில் உள்ள மொனிட்டர். எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, டயல் எந்த நிலையில் இருக்கிறது, பம்ப் எவ்வளவு சுமையை எடுக்கலாம் என்பன போன்ற செய்திகளை இவை ஒன்றுக்கொன்று ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பயன்படும் இரட்டை வயர்ப் பாதையே கேன் இணைப்பு. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் மோட்டார் வாகனங்களுக்காக அறிமுகப்படுத்திய இந்த முறை 1993இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற சர்வதேசத் தரமாகியது. கனரக வாகனங்களுக்கும் இயந்திரங்களுக்கும் உரிய செய்திகளின் ஒழுங்கை எஸ்.ஏ.ஈ. ஜே1939 என்ற தரம் வரையறுக்கிறது. அதன் வழக்கமான வேகம் செக்கனுக்கு 250 கிலோபிற். புதிய இயந்திரங்களில் 500 கிலோபிற்றும் உண்டு.

இரண்டு வயர்களில் ஒன்று கேன் ஹை, மற்றையது கேன் லோ. செய்தி எதுவும் போகாத கணத்தில் இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ற்று இருக்கும். செய்தி போகும் கணத்தில் ஹை 3.5 வோல்ற்றுக்கு ஏற, லோ 1.5 வோல்ற்றுக்கு இறங்கும். கொன்ட்ரோலர்கள் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே வாசிக்கின்றன. வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால், பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்ரனேற்றரிலிருந்தோ ரிலேயிலிருந்தோ வரும் மின் இரைச்சல் இரண்டையும் சமமாகத் தாக்கும். வித்தியாசம் மாறாமல் இருக்கும். பாதையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று பொருத்தப்பட்டிருக்கும். இந்த முனைத்தடைகளின் வேலை, முனையை அடைந்த சமிக்ஞை திரும்பி வந்து அடுத்த செய்தியைக் கெடுக்காமல் தடுப்பது. இரண்டு 120 ஓம் தடைகள் சமாந்தரமாக இருப்பதால், நல்ல நிலையிலுள்ள இணைப்பை அளந்தால் 60 ஓம் காட்டும். இந்த வேலையில் மனப்பாடமாக இருக்க வேண்டிய எண் ஏதேனும் உண்டென்றால் அது இந்த 60தான்.

எல்லா இயந்திரங்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய தலைமுறை இயந்திரங்கள் சிலவற்றில் தயாரிப்பாளரின் சொந்தத் தொடர்பு முறையே இருந்தது. கேட்டர்பில்லர் இயந்திரங்களில் கேன் இணைப்போடு கூடவே கேட் டேட்டா லிங்க் என்ற தனியான இணைப்பும் இருக்கக்கூடும். அதில் 60 ஓமைத் தேடிப் பயனில்லை. ஒரே இயந்திரத்தில் இரண்டு மூன்று கேன் இணைப்புகள் இருப்பதும் உண்டு. ஆகவே அந்த மொடலுக்கும் அந்தத் தொடரிலக்கத்துக்கும் உரிய வயரிங் வரைபடம் இல்லாமல் கொனெக்டர்களைக் கழற்றத் தொடங்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

தரமான டிஜிற்றல் மல்ரிமீற்றர், நுண்ணிய அளவு முனைகள், 24 வோல்ற்று 21 வாற்று பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பொருத்திய சோதனை விளக்கு, கொண்டாக்ட் கிளீனர், கொனெக்டரின் பின்களை (உலோக முனைகளை) கழற்றும் கருவி, 120 ஓம் தடை இரண்டு. தடைகளையும் சிறு பொருட்களையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் சொற்ப விலைக்கு வாங்கலாம். கேட் ஈ.டி., ஹிட்டாச்சியின் டொக்டர் இசட்.எக்ஸ். போன்ற தயாரிப்பாளர் மென்பொருள்கள் கிடைத்தால் வேலை விரைவாகும். ஆனால் மடிக்கணினி இணைப்புக்குள் நுழையவே முடியாத நிலையில்தான் நமக்குப் பெரும்பாலும் வேலை வருகிறது. அப்போது மீற்றர்தான் துணை.

சோதனை விளக்கைக் கேன் வயர்களில் ஒருபோதும் தொட வைக்கக் கூடாது. அது மின்வழங்கல் வயர்களைச் சோதிப்பதற்கு மட்டுமே. வயரின் காப்புறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கொழும்பின் ஈரப்பதத்தில் அந்த ஊசித் துளை வழியாக நீர் புகுந்து, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்து, நாமே உண்டாக்கிய புதிய பழுதாக அது திரும்பி வரும்.

முதற்படி: நடந்ததைக் கேட்டு, குறியீடுகளை எழுதிக்கொள்ளுதல்

ஒப்பரேட்டரிடம் பொறுமையாகக் கேளுங்கள். இயந்திரம் சூடான பிறகு வருகிறதா, மழைக்குப் பிறகா, கபினைச் சுழற்றும்போதா, ஸ்டார்ட் செய்யும் கணத்திலா? அண்மையில் யாராவது வெல்டிங் செய்தார்களா, உயரழுத்த நீரால் கழுவினார்களா, பற்றரி மாற்றினார்களா, ஜீ.பி.எஸ். கருவி, ரேடியோ, கமரா ஏதும் பொருத்தினார்களா? உரிமையாளரைவிட ஒப்பரேட்டரே இதற்குச் சரியான ஆள். உரிமையாளர் இல்லாத நேரத்தில் கேட்டால் இன்னும் சரியான விடை கிடைக்கும்.

அடுத்து, மொனிட்டரில் உள்ள குறியீடுகள் அனைத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். தற்போது இயங்கும் குறியீடு எது, பழையதாகப் பதிவில் இருப்பது எது, எத்தனை முறை, எந்த மணித்தியாலத்தில் என்பவையும் படத்தில் வரட்டும். ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கு விற்கப்பட்ட இயந்திரமாயின் திரை ஜப்பானிய மொழியில் இருக்கலாம்; எழுத்து புரியாவிட்டாலும் குறியீட்டு எண்ணைச் சேவைக் கையேட்டில் தேடிவிடலாம். படமெடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது.

ஜே1939 முறையில் ஒரு குறியீட்டுக்கு இரு பகுதிகள் உண்டு. எஸ்.பி.என். எந்த உறுப்பு அல்லது செய்தி என்பதையும், எஃப்.எம்.ஐ. அதில் என்ன விதமான பழுது என்பதையும் குறிக்கும். எஃப்.எம்.ஐ. 9 என்றால் வர வேண்டிய செய்தி உரிய இடைவெளியில் வரவில்லை. 19 என்றால் வந்த செய்தியே பிழையானது. 3, 4, 5, 6 ஆகியவை வோல்ற்றளவு கூடுதல், குறைவு, சுற்று அறுதல், ஏர்த்தாதல் போன்ற நேரடி மின்பழுதுகள். எஸ்.பி.என். 639 முதலாவது ஜே1939 இணைப்பையே குறிக்கும். கேட்டர்பில்லரில் 247-9 என்பது ஜே1939 இணைப்பின் செய்தி இடைவெளிக் கோளாறு. கொமட்சுவின் ஆறு எழுத்துக் குறியீடுகளில் கடைசி இரண்டைக் கவனியுங்கள்: கே.ஏ. என்று முடிந்தால் அறுபட்ட சுற்று, கே.பி. என்று முடிந்தால் ஷோர்ட்.

இப்போது ஒரு தாளை எடுத்து, எந்தக் கொன்ட்ரோலர் எதைக் காணவில்லை என்று சொல்கிறது என எழுதுங்கள். மொனிட்டரும் பம்ப் கொன்ட்ரோலரும் எஞ்சின் கொன்ட்ரோலரைக் காணவில்லை என்று சொல்லி, அவை இரண்டும் தமக்குள் நன்றாகத் தொடர்பு கொண்டால், தேட வேண்டிய இடம் எஞ்சின் கொன்ட்ரோலரின் மின்வழங்கல், அதன் ஏர்த், அதற்குப் பிரிந்து செல்லும் கிளை ஆகிய மூன்றுமே. எல்லோரும் எல்லோரையும் காணவில்லை என்றால் பொதுப் பாதையில் பழுது. ஒரு சென்சர் குறியீட்டோடு சேர்ந்து தொடர்புக் குறியீடும் இருந்தால், எது முதலில் பதிவானது என்று மணித்தியாலத்தைக் கொண்டு பாருங்கள். இந்தத் தாள் வேலைக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லாது. ஆனால் அரை நாள் அலைச்சலைக் குறைக்கும்.

இரண்டாம் படி: பற்றரியும் ஏர்த்தும்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள், ஏனெனில் இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் தொடர்புக் குறியீட்டோடு வரும் பழைய இயந்திரங்களில் பழுது அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

எக்ஸ்கவேற்றரில் 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ற்றைத் தருகின்றன. எஞ்சின் நிற்கும்போது இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25 வோல்ற்று காட்ட வேண்டும்; தனித்தனியாக அளந்தாலும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று 12.6, மற்றையது 11.8 என்று வந்தால், யாரோ ரேடியோவுக்கோ கைப்பேசி சார்ஜருக்கோ ஒரே பற்றரியிலிருந்து 12 வோல்ற்று எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் நாட்டில் மிகவும் சாதாரணமாக நடக்கும் கைவேலை அது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வோல்ற்றளவு 18க்குக் கீழே விழுந்தால், கொன்ட்ரோலர் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழும்பக்கூடும். அந்தக் கணத்தில் மற்றவை அதைக் காணாமல் தொடர்புக் குறியீட்டைப் பதிந்துவிடும். துறைமுகத்திலும் விற்பனை யார்டிலும் மாதக்கணக்கில் நின்ற இயந்திரத்தில் இப்படிப் பதிவான குறியீடுகள் வரிசையாக இருக்கும். பற்றரி மாற்றியதும் அவை திரும்பி வருவதில்லை.

எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வோல்ற்று வரை இருப்பது வழக்கம். அதே இடத்தில் மீற்றரை ஆடலோட்ட (ஏ.சி. வோல்ற்று) நிலைக்கு மாற்றி அளந்து, அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால், ஒல்ரனேற்றரின் டயோட் பழுதடைந்து இரைச்சலை அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்து, சாவி போட்ட நிலையில் வராத கோளாறுகளுக்கு இதுவும் ஒரு காரணம்; அதிர்வு மற்றொன்று.

ஏர்த்தைத் தடை அளந்து தீர்ப்பிடாதீர்கள். சாவி போட்ட நிலையில், விளக்குகளையும் ஏசியையும் இயக்கிவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் (மைனஸ்) மற்றையதைக் கொன்ட்ரோலரின் ஏர்த் பின்னிலும் வைத்து வோல்ற்றளவைப் பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் வந்தால் அந்தப் பாதையில் துருவோ, பெயின்ற்றோ, தளர்ந்த போல்ற்றோ இருக்கிறது. கபின் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், கபினிலிருந்து பிரதான சட்டத்துக்குச் செல்லும் ஏர்த் பட்டி தனியாக இருக்கும். மறுபெயின்ற் அடித்து அழகாக்கி விற்கப்படும் இயந்திரங்களில் அந்தப் பட்டியின் அடியிலும் பெயின்ற் இருக்கக் கண்டால் வியப்படைய வேண்டாம்.

நேர்மின் பக்கத்துக்கும் இதே ஒழுங்குதான். ஆனால் வயர் ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மீற்றர் முழு 24 வோல்ற்றையும் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. சாவியை அணைத்து, கொன்ட்ரோலரின் கொனெக்டரைக் கழற்றி, அதன் நேர்மின் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையே சோதனை விளக்கைப் பொருத்திவிட்டுச் சாவியைப் போடுங்கள். 21 வாற்று விளக்கு ஏறத்தாழ 0.9 அம்பியரை இழுக்கும். அது பிரகாசமாக எரிந்தால் பாதை நல்லது. மங்கினால் பியூஸ் தாங்கி, ரிலே, இடைக் கொனெக்டர் என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பின்களை விரித்துவிடாதபடி, பொருத்தமான அளவுள்ள முனையையே நுழைக்க வேண்டும்.

மூன்றாம் படி: 60 ஓமைத் தேடுதல்

சாவியை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, கொன்ட்ரோலர்கள் முற்றாக உறங்கிய பின் பற்றரித் துண்டிப்பு சுவிச்சை அணையுங்கள். மின்சாரம் உள்ள இணைப்பில் தடை அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

அளப்பதற்கு வசதியான இடம் கபினில் உள்ள பரிசோதனைக் கொனெக்டர். ஜே1939 தரத்துக்குரிய வட்டமான ஒன்பது பின் கொனெக்டரில் ஏ பின் பற்றரி எதிர்முனை, பி நேர்முனை, சி கேன் ஹை, டி கேன் லோ, ஈ கவச வயர். ஆனால் கேட்டர்பில்லரின் ஒன்பது பின் கொனெக்டர் பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும் பின் ஒழுங்கு வேறு. நேர்முனையும் எதிர்முனையும்கூட இடம் மாறியிருக்கும். ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றில் கொனெக்டரின் வடிவமே வேறு. உருவத்தைப் பார்த்து நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள்.

ஹைக்கும் லோவுக்கும் இடையே 60 ஓம் அளவில் வந்தால், பொதுப் பாதையும் முனைத்தடைகளும் அந்தக் கணத்தில் நன்றாக உள்ளன. 120 ஓம் வந்தால் ஒரு முனைத்தடை காணாமற்போயிருக்கிறது, அல்லது நீங்கள் அளக்கும் இடத்துக்கும் அதற்கும் இடையில் வயர் அறுந்திருக்கிறது. 40 ஓம் வந்தால் மூன்றாவது தடை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே தடை கொண்ட வேறு மொடல் கொன்ட்ரோலரை யாரோ பொருத்தியிருக்கலாம், அல்லது பிறகு இணைத்த கருவி தன் தடையையும் கூட்டியிருக்கலாம். பூச்சியத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் எங்கோ உரசி ஒட்டியிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வந்தால் இரு முனைத்தடைகளும் இல்லை என்று முடிவுகட்டுமுன், பரிசோதனைக் கொனெக்டருக்கு வரும் கிளையே அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதே நிலையில் ஹையிலிருந்து சட்டத்துக்கும், லோவிலிருந்து சட்டத்துக்கும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். இரண்டுமே பெரிய எண்களாக இருக்க வேண்டும். சில ஓம்களே வந்தால் காப்புறை தேய்ந்த வயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

சில இயந்திரங்களில் முனைத்தடை தனிக் கொனெக்டராக ஹார்னஸில் (வயர்க் கட்டில்) தொங்கும். வேறு சிலவற்றில் கொன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். உள்ளே தடை கொண்ட கொன்ட்ரோலரைக் கழற்றினால் 60 ஓம் 120 ஆவது இயல்பு. அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது. கழற்றியதும் எண் மாற வேண்டுமா, மாறக் கூடாதா என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டுக் கழற்றுவது நல்ல பழக்கம்.

தொலைக்கண்காணிப்புப் பெட்டியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கொமட்சு நிறுவனம் 2001இலேயே ஜப்பானில் கொம்ட்ராக்ஸ் என்ற கருவியைத் தன் இயந்திரங்களில் சாதாரண உபகரணமாக்கியது. மற்ற நிறுவனங்களும் இத்தகைய கருவிகளைப் பொருத்துகின்றன. நாடு மாறிய பின் அது பயனற்றது என்று எண்ணிச் சிலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இணைப்போடு கதைக்கும் ஒரு பெட்டியைப் பிடுங்கினால், அதை எதிர்பார்க்கும் மொனிட்டர் முறையிடுவது இயல்பே. ஆசனத்தின் பின்னால் எதனோடும் சேராத கொனெக்டர் தொங்குவதைக் கண்டால், முதலில் அது எதற்குரியது என்று வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்.

நான்காம் படி: சாவி போட்டு வோல்ற்றளவு பார்த்தல்

பற்றரியை மீண்டும் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, பற்றரி எதிர்முனைக்கு எதிராக இரு வயர்களையும் அளங்கள். மல்ரிமீற்றர் சராசரியை மட்டுமே காட்டும் என்பதால், நல்ல இணைப்பில் ஹை 2.6 முதல் 2.8 வரையும், லோ 2.2 முதல் 2.4 வரையும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5 வர வேண்டும்.

இரண்டும் அசையாமல் 2.5 இல் நின்றால் யாரும் கதைக்கவில்லை, அல்லது இரு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எது என்பதை மூன்றாம் படியில் கிடைத்த எண் சொல்லும். ஒன்று பூச்சியத்துக்கு இழுக்கப்பட்டிருந்தால் ஏர்த் தொடுகை. எதுவாயினும் 5 வோல்ற்றைத் தாண்டியிருந்தால் 24 வோல்ற்று வயர் ஒன்று எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. உடனே சாவியை அணையுங்கள், ஏனெனில் கொன்ட்ரோலரின் உள்ளே உள்ள தொடர்புச் சிப்பு அதைத் தாங்குவதற்கு உத்தரவாதமில்லை. இரண்டும் பூச்சியமானால் கொன்ட்ரோலர் எதற்குமே மின்சாரம் இல்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஐந்தாம் படி: பாதையை இரண்டாகப் பிரித்தல்

பொதுப் பாதையில் பழுது இருப்பது உறுதியானால், அங்குலம் அங்குலமாக வயரைத் தடவிக்கொண்டு போவது வீண். கபினுக்கும் எஞ்சின் பகுதிக்கும் இடையிலுள்ள பெரிய கொனெக்டரை, மின்சாரம் இல்லாத நிலையில் கழற்றி, இரு பக்கங்களையும் தனித்தனியே அளங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முனைத்தடை இருக்குமாயின் இரண்டும் 120 ஓம் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் காட்டவில்லையோ அந்தப் பக்கத்தில் பழுது. பிறகு அந்தப் பக்கத்திலுள்ள அடுத்த கொனெக்டரில் இதையே செய்யுங்கள். மூன்று நான்கு பிரிப்புகளில் ஒரு முழத்துக்குள் வந்துவிடலாம்.

தடை சரியாக இருந்தும் சாவி போட்டதும் இணைப்பு இறந்து கிடந்தால், கொன்ட்ரோலர் ஒன்று உள்ளே பழுதடைந்து முழு இணைப்பையும் கீழே இழுக்கக்கூடும். சாவியை அணைத்து ஒரு கொன்ட்ரோலரைக் கழற்றி, சாவியைப் போட்டு வோல்ற்றளவைப் பார்த்து, மீண்டும் அணைத்து அதைப் பொருத்திவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். கழற்றுவதில் உள்ளே முனைத்தடை கொண்டது இருந்தால், அந்த இடத்தில் உங்களிடமுள்ள 120 ஓம் தடையைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை கதைக்கத் தொடங்குகின்றனவோ, சந்தேகம் அதன் மேலும் அதன் கிளை வயர் மேலும் விழும். பிறகு பொருத்திய ஜீ.பி.எஸ். கருவி இருந்தால் அதையே எல்லாவற்றுக்கும் முதலில் கழற்றிப் பாருங்கள். கேன் வயரைச் சுரண்டி, முறுக்கி, ரேப் சுற்றிய இணைப்புகளைக் கண்டு எனக்குச் சலித்துவிட்டது.

வந்துவந்து போகும் கோளாறு

நிலையாக இருக்கும் பழுதைவிட இதுவே கடினம். மின்சாரம் இல்லாத நிலையில் மீற்றரை 60 ஓம் காட்டும்படி இணைத்துவிட்டு, ஒருவர் எண்ணைப் பார்க்க, மற்றவர் ஹார்னஸைப் பகுதி பகுதியாக அசைக்க வேண்டும். எண் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். கபின் தரையின் கீழே இறப்பர் வளையம் ஊடாக ஹார்னஸ் செல்லும் இடம், எஞ்சின் தாங்கியின் பக்கத்து கிளிப்புகள், பம்ப் அறையில் சூடான குழாய்களுக்கு அருகே செல்லும் பகுதி, ஆசனத்தின் பின்புறம் ஆகியன தேய்வுக்குப் பேர்போனவை. வயல் ஓரத்து யார்டில் நின்ற இயந்திரமாயின் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

சுழலும்போது கோளாறு வருகிறது என்றால் சிலர் கீழ்ப்பகுதியைச் சந்தேகிப்பார்கள். வழக்கமான சங்கிலி எக்ஸ்கவேற்றரில் கொன்ட்ரோலர்கள் யாவும் சுழலும் மேற்பகுதியிலேயே உள்ளன. நடுவிலுள்ள சுழல் இணைப்பு ஹைட்ரோலிக் எண்ணெய்க்கானது, கேன் வயர் அதனூடே போவதில்லை. எனவே சுழற்சியின் அசைவில் மேற்பகுதிக்குள் எது உரசுகிறது என்றே பார்க்க வேண்டும்.

கொனெக்டர்களில் கடற்கரை நகரத்தின் முத்திரை தெரியும். வத்தளை, முகத்துவாரம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற இயந்திரங்களிலும், சதுப்பு நிலத்தில் வேலை செய்தவற்றிலும் பின்கள் பச்சை பூத்திருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், வயர் நுழையும் பின்பக்கத்து இறப்பர் முத்திரையையும், வெற்றுத் துளைகளை அடைக்கும் பிளக்குகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரு வெற்றுத் துளை போதும், உயரழுத்த நீர் கொனெக்டரை நிரப்ப. பின் பிடிப்புத் தளர்ந்திருக்கிறதா என அறிய, அதே அளவுள்ள புதிய ஆண் பின்னை நுழைத்து இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்தப் பெண் பின்னை மாற்ற வேண்டும்.

வயரைச் சீர்செய்தல்

பச்சை பூத்த செம்பு காப்புறைக்குள் மேலேறிச் சென்றிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிப் பின்வாங்குங்கள். புதிய துண்டை ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு முறுக்கு வீதம் முறுக்கியே சேர்க்க வேண்டும். இணைப்பின் அருகில் முறுக்கின்றி விடும் நீளம் 5 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. ஹையின் மூட்டும் லோவின் மூட்டும் ஒரே இடத்தில் அமையாமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் அழுத்தி இறுக்கி), உள்ளே பசை கொண்ட வெப்பச் சுருக்குக் குழாயால் மூடுவது, ரேப் சுற்றுவதைவிடப் பல மடங்கு நீடிக்கும். கிளை வயரை நீட்டி அலங்கரிக்காதீர்கள். கவசமுள்ள ஜே1939 இணைப்பில் கிளைக்கு ஒரு மீற்றரும், முழுப் பாதைக்கு 40 மீற்றரும் எல்லை.

பக்கற்றிலோ பூமிலோ வெல்டிங் செய்ய நேர்ந்தால், பற்றரியைத் துண்டித்து, கொன்ட்ரோலர்களின் கொனெக்டர்களைக் கழற்றி, வெல்டிங் ஏர்த்தை வெல்ட் செய்யும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் இருக்கும் வெல்டிங் பாஸ் இதைக் கேட்டு முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கொன்ட்ரோலரை எப்போது குற்றம் சொல்லலாம்

மின்வழங்கலும் ஏர்த்தும் சுமையோடு சோதிக்கப்பட்டு, 60 ஓம் உறுதியாகி, கொனெக்டர் பின்களும் கிளை வயரும் நல்லவை என்று கண்ட பின்னரும் ஒரு கொன்ட்ரோலர் மட்டும் கதைக்காவிட்டால், அப்போதுதான் அதை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். பழைய கொன்ட்ரோலர் வாங்குவதாயின் உருவமும் கொனெக்டரும் ஒத்திருப்பது போதாது. லேபிளில் உள்ள பாக இலக்கம், அதனுள் உள்ள மென்பொருள், இயந்திரத்தின் மொடலும் தொடரிலக்கமும் பொருந்த வேண்டும். எஞ்சின் கொன்ட்ரோலரில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் திருத்தக் குறியீடுகளும் பதிந்திருக்கும். அவற்றை எழுதாமல் விட்டால் எஞ்சின் ஓடினாலும் புகையும் தள்ளாட்டமும் வரலாம். பழையதைக் கழற்றுமுன் அதன் லேபிளையும் இன்ஜெக்டர்களின் தலையிலுள்ள எண்களையும் படமெடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் திருப்பி எடுக்கும் உடன்பாட்டை ரசீதில் எழுதி வாங்குவதும் நல்லது; வாய்ப்பேச்சு அடுத்த நாளே மாறிவிடும்.

சீர்செய்த பின் குறியீடுகளை அழித்து, இயந்திரத்தை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பூம், ஆம், பக்கற், சுழற்சி, பயணம் ஆகிய எல்லாவற்றையும் சுமையோடு இயக்குங்கள். பிறகு சாவியை அணைத்து ஆறவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்து பதிவைப் பாருங்கள். மழைக்குப் பின் வந்த கோளாறாயின், கொனெக்டர்களின் மேல் சாதாரணக் குழாய் நீரை மெல்லத் தெளித்தும் பார்க்கலாம்.

இதே அறிவு, யார்டில் பழைய இயந்திரம் வாங்குவோருக்கும் உதவும். பார்க்கப் போகும்போது எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தால், அல்லது பற்றரி முனைகள் அப்போதுதான் பூட்டப்பட்டது போலத் தெரிந்தால், எதையோ மறைத்திருக்கலாம் என்று எச்சரிக்கையாகுங்கள். முழு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மொனிட்டரின் பழைய குறியீட்டுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பல்லாயிரம் மணித்தியாலம் ஓடிய இயந்திரத்தில் பதிவு முற்றிலும் வெறுமையாக இருப்பது நல்ல அறிகுறியன்று. ஆசனத்தின் பின்பக்க மூடியைக் கழற்றி, ரேப் சுற்றிய மூட்டுகளையும் வேறு நிற வயர்களையும் எண்ணிப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் பற்றரியைத் துண்டித்துப் பரிசோதனைக் கொனெக்டரில் தடையை அளந்துகொள்ளுங்கள். 120 காட்டினால் வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அந்த எண்ணை மீற்றரோடு சேர்த்து விற்பவருக்குக் காட்டிய பிறகே விலையைக் கதைக்கத் தொடங்குங்கள்.